ஈஸ்ட்ரோஜன் மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஈஸ்ட்ரோஜன் ஆபத்தா?' என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. எந்த ஈஸ்ட்ரோஜன், எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் உண்டா, எந்த வயதில் தொடங்குகிறீர்கள் என்ற நான்கும் தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே வருகின்றன. சொல்லியிருக்கும் அளவுகள் வழக்கத்தில் உள்ளவை. உங்களுக்கு எவ்வளவு என்பதைச் சீட்டு எழுதும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே ஹார்மோன்தானா?

அது ஒரு குடும்பப் பெயர். மாதவிடாய் வரும் வயதில் சினைப்பை சுரப்பவற்றில் வீரியமானது எஸ்ட்ரடயால். மாதவிடாய் நின்ற பிறகு மிஞ்சுவது, பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் உருவாகும் எஸ்ட்ரோன். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி எஸ்ட்ரியாலை அள்ளிக் கொட்டுகிறது. இவற்றில் முதலில் தூய வடிவில் பிரிக்கப்பட்டது எஸ்ட்ரோன்தான். 1929-இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் புட்டெனான்டும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

மருந்துக்கடையில் கிடைப்பவை வேறு ஒரு வரிசை. எஸ்ட்ரடயால் வேலரேட் உடம்புக்குள் போனதும் எஸ்ட்ரடயாலாகவே மாறிவிடும். கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் பல ஈஸ்ட்ரோஜன்களின் கலவை. 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரெமரின் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. அதன் பெயரே அதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். கருத்தடை மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ரடயால். 1938-இல் பெர்லின் ஷெரிங் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது.

இந்தக் கடைசி ஆளை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை எஸ்ட்ரடயாலை விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். எத்தினைல் எஸ்ட்ரடயாலைக் கல்லீரலால் அவ்வளவு சீக்கிரம் உடைக்க முடியாது. அதனால்தான் எஸ்ட்ரடயால் 1, 2 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் இது 20, 30 மைக்ரோகிராமிலேயே வேலை செய்கிறது. அதே காரணத்தால் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்கும்படி கல்லீரலை அதிகமாகத் தூண்டுவதும் இதுதான். இரண்டு மாத்திரையும் 'ஈஸ்ட்ரோஜன்' என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக்கூடாது.

ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டா?

உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற என்சைம் எஸ்ட்ரடயாலாக மாற்றுகிறது. 1994-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான நோயாளியைப் பார்த்தால் அதன் வேலை புரியும். வயது 28, உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. ஆனால் மரபணுப் பிழையால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) வேலை செய்யவில்லை. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவே இல்லை, எலும்பும் மெலிந்திருந்தது. ஆணின் எலும்பை மூடி முடிப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான் என்பது அப்போதுதான் உறுதியானது.

ரத்தப் பரிசோதனையில் 'இ2' என்று வந்திருக்கிறது. எப்படிப் படிப்பது?

இ2 என்றால் எஸ்ட்ரடயால். மாதவிடாயின் எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 2, 3-ஆம் நாளில் சுமார் 20 முதல் 80 பிகோகிராம்/மி.லி. இருக்கலாம்; கருமுட்டை வெளிவரும் முன் 200-400 வரை எகிறும். மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்குப் பொதுவாக 20-க்குக் கீழ். சில ஆய்வகங்கள் பிகோமோல்/லிட்டரில் தரும், அதை 3.67-ஆல் வகுத்தால் பிகோகிராம் கணக்கு வரும். வெளிநாட்டு ரிப்போர்ட்டைக் காட்டிப் பயப்படுபவர்களில் பலர் இந்த அலகு மாற்றத்தைக் கவனிக்காதவர்கள்.

முடி உதிர்வுக்குப் போடும் பயோட்டின் மாத்திரை, அதிலும் 5, 10 மில்லிகிராம் அளவு, சில ஆய்வக முறைகளைக் குழப்பும். எஸ்ட்ரடயால் பொய்யாகக் கூடுதலாகவும் எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் மூளை ஹார்மோன், மாதவிடாய் நின்றால் கூடும்) பொய்யாகக் குறைவாகவும் வரும். மெனோபாஸில், அதாவது மாதவிடாய் நின்ற நிலையில், இருப்பவருக்குச் சினைப்பை நன்றாக வேலை செய்வது போல ரிப்போர்ட் சொல்லும்! ரத்தம் கொடுப்பதற்கு 2, 3 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை போடுபவர்களுக்கு இ2 குறைவாக வருவதும் இயல்பே. வழக்கமான சோதனை எத்தினைல் எஸ்ட்ரடயாலை அளப்பதில்லை.

வயது 47. மாதவிடாய் தப்பித் தப்பி வருகிறது, ராத்திரியில் உடம்பு தகிக்கிறது. ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. 45-க்கு மேல் என்றால் அறிகுறிகளே போதும். எஃப்எஸ்ஹெச் அந்த வயதில் வாரத்துக்கு வாரம் மாறும், பணம்தான் வீண். 40 வயதுக்குள் நின்றால் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்போது 4 முதல் 6 வாரம் இடைவெளியில் இரண்டு முறை எடுப்பது வழக்கம். ஆனால் தைராய்டு பார்ப்பது எந்த வயதிலும் நல்லது. வியர்வை, படபடப்பு இரண்டுக்கும் அதுவும் காரணமாகலாம்.

தகிப்புக்கு எவ்வளவு மருந்து, எத்தனை நாளில் குறையும்?

மாத்திரையாக எஸ்ட்ரடயால் 1 மில்லிகிராம், தேவையானால் 2. கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் என்றால் 0.3 முதல் 0.625 மில்லிகிராம். தோலில் ஒட்டும் பேட்ச் என்றால் 24 மணி நேரத்துக்கு 25 அல்லது 50 மைக்ரோகிராம் விடுவது. 0.06 சதவீத ஜெல் என்றால் ஒரு அழுத்து 1.25 கிராம்; அதில் எஸ்ட்ரடயால் 0.75 மில்லிகிராம். நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு அழுத்து.

2 முதல் 4 வாரத்தில் வித்தியாசம் தெரியும். முழுப் பலனுக்கு 3 மாதம் கொடுங்கள். இரண்டாவது வாரமே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று அளவைக் கூட்டினால் மார்பக வலியும் குமட்டலும்தான் மிஞ்சும். எடை கூடுமே என்ற பயமும் பலருக்கு உண்டு. இந்த வயதில் எடை கூடுவது மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கிற ஒன்று. பழி மட்டும் மாத்திரை மேல்.

கூடவே புரோஜெஸ்டிரோன் எதற்கு? அது தூக்கமாக வருகிறது, விட்டுவிடலாமா?

கர்ப்பப்பை இருந்தால் விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும். கடிவாளம் இல்லாமல் மாதக்கணக்கில் வளர்ந்தால் சவ்வு தடித்து, சிலருக்குப் புற்றுநோயாகிறது. அமெரிக்காவில் 1960-களில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். அதற்கும் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1975-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துத் தரும் வழக்கம் நிலைத்தது.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனவர்களுக்கு மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் தினமும் 100 மில்லிகிராம். இன்னும் அவ்வப்போது வருபவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம். அதை நிறுத்தியதும் மாதவிடாய் போல ரத்தம் வரும். தூக்கம் வருவது உண்மைதான். அதனாலேயே படுக்கும்போது போடச் சொல்கிறோம், தூக்கம் கெட்டவர்களுக்கு அது உதவியும்கூட. காலையில் போட்டுவிட்டுத் தலை சுற்றுகிறது என்று விட்டவர்களிடம் நேரத்தை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும். சில நிறுவனங்களின் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

கர்ப்பப்பை எடுத்தாயிற்று. எனக்கு என்ன?

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் 'பிஎஸ்ஓ' (BSO) என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு சினைப்பையும் எடுத்துவிட்டார்கள். 'டிஏஹெச்' (TAH) மட்டும் இருந்தால் கர்ப்பப்பை போய்விட்டது, சினைப்பை இருக்கிறது. 'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்ற ஒரே பேரில் இரண்டையும் சொல்லிவிடுவதால், சினைப்பை போனது பத்து வருடம் கழித்தும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

38 வயதில் சினைப்பையும் போனால், உடம்புக்கு மெனோபாஸ் ஒரே இரவில் வந்துவிடுகிறது. தகிப்பு கடுமையாக இருக்கும். சத்தமில்லாமல் எலும்பு மெலியும், இதயநோய் வாய்ப்பும் கூடும். தடை ஏதும் இல்லாவிட்டால் இவர்களுக்கு இயற்கையாக நிற்கும் வயது வரை, அதாவது ஏறத்தாழ 50 வரை, ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே முறை. உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருகிறோம், அவ்வளவே. கர்ப்பப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. எண்டோமெட்ரியோசிஸுக்காக (உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆபரேஷன் செய்து, அந்தத் திசு உள்ளே மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டும் சேர்த்துத் தருவதுண்டு.

ஜெல், பேட்ச் எப்படிப் போடுவது?

ஜெல்லைக் குளித்துத் துடைத்த பிறகு, மேற்கையின் வெளிப்புறத்திலோ தொடையின் உட்புறத்திலோ மெல்லியதாகப் பரப்புங்கள். தேய்த்து மசாஜ் செய்ய வேண்டாம். மார்பில் தடவக்கூடாது. ஐந்து நிமிடம் காயவிட்டு உடை மாட்டுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவிய இடத்தை ஒரு மணி நேரம் தண்ணீர் படாமலும் மற்றவர் தோல் படாமலும் வைத்திருங்கள். பேரக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கை என்றால் தொடையே மேல். ஈஸ்ட்ரோஜன் மருந்து தோலிலிருந்து தோலுக்கு ஒட்டிச் சிறு குழந்தைகளுக்கு மார்பு முளைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

பேட்சை அடிவயிற்றிலோ பிட்டத்தின் மேற்பகுதியிலோ ஒட்டி, வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். பாவாடை நாடா, சேலைக் கொசுவம் உரசும் இடுப்புக் கோடு கூடாது. நம்மூரில் பேட்ச் கழன்று விழுவதற்கு இரண்டு காரணம்: வியர்வை, எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் என்றால் வெள்ளி, செவ்வாய் என்று மாற்றும் நாளை வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் சோப்புப் போட்டு, காய்ந்த பிறகு புதியதை ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பவுடர் வேண்டாம். இந்தியாவில் பேட்ச் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை; கிடைக்காவிட்டால் ஜெல்லுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மாத்திரைக்கு நீங்களாக மாறாதீர்கள்.

மாத்திரைக்கும் ஜெல்லுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

விழுங்கியது முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. தோல் வழியாகப் போவது நேராக ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் வழியாகப் போகும் அந்த முதல் பயணம்தான் உறையும் புரதங்களையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றுகிறது. மெனோபாஸ் மாத்திரை, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்கும். வழக்கமான அளவில் பேட்ச், ஜெல் போடுபவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. உடல் பருமன், டிரைகிளிசரைடு, சர்க்கரை, பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு தோல் வழிதான்.

தைராய்டு மாத்திரையான தைராக்சின் போடுபவர்களுக்கு இன்னொரு செய்தி. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, தைராக்சினைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுகிறது. நேற்று வரை சரியாக இருந்த 50 மைக்ரோகிராம் போதாமல் போகும். மாத்திரை தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். ஜெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தப் பயத்தின் ஊற்று, 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் டபிள்யூஹெச்ஐ (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராமும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் (புரோஜெஸ்டின், அதாவது செயற்கைப் புரோஜெஸ்டிரோன்) 2.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. சராசரி வயது 63. ஓராண்டில் 10,000 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வெற்று மாத்திரையில் 30, மருந்தில் 38. பக்கவாதம் 21-க்கு 29. இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. செய்தித்தாள்களில் வந்தது '26 சதவீதம் அதிகம்' என்ற எண் மட்டும். 10,000-க்கு 8 என்று யாரும் தலைப்பு போடவில்லை.

கர்ப்பப்பை இல்லாத 10,739 பேரிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சோதித்த பிரிவு 2004-இல் நின்றது. அங்கே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை: வெற்று மாத்திரையில் 33, மருந்தில் 26. பக்கவாதம் கூடியது. ஆக, மார்பக விஷயத்தில் பழியின் பெரும்பங்கு சேர்த்துக் கொடுத்த புரோஜெஸ்டின் மேல் விழுகிறது. பக்கவாத விஷயத்தில் வயதும் விழுங்கும் வழியும் முக்கியமாகின்றன. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் நன்மை மேலோங்கும் என்பதே இன்றைய வழிகாட்டல். 65 வயதில் இதயத்துக்கு நல்லது என்று புதிதாகத் தொடங்குவது தவறு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த மருந்துகளின் பெட்டியில் அச்சிட்டிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது.

மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு உடம்பு முழுக்கப் பரவும் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம். தகிப்புக்கு வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போன்ற மாற்று உண்டு. மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்ஸிஃபென் போடுபவர்கள் மட்டும் பராக்ஸெடினைத் தவிர்க்க வேண்டும்; அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன். க்ரீம் பாதுகாப்பானதா?

மெனோபாஸுக்குப் பிறகு வரும் இந்தத் தொல்லைக்கு இதைவிடப் பயனுள்ள மருந்து கிடையாது. வெட்கத்தால் கேட்காமலே ஆண்டுகளை ஓட்டுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்பதைவிட, மூலகாரணமான மெலிந்த தோலைச் சரிசெய்வது மேல்.

எஸ்ட்ரியால் க்ரீமில் கிராமுக்கு 1 மில்லிகிராம் உள்ளவகை என்றால், குழாயில் குறித்திருக்கும் 0.5 கிராம் கோடு வரை நிரப்பி, ராத்திரி படுத்தபடி உள்ளே செலுத்துங்கள். முதல் 2, 3 வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. நுனி விரலில் கொஞ்சம் எடுத்து வெளிப்புறமும் மூத்திரத் துவாரத்தைச் சுற்றியும் தடவலாம். குழாயை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

முதல் வாரம் எரியலாம். தோல் அவ்வளவு மெலிந்திருக்கிறது. அலர்ஜி என்று நிறுத்தாதீர்கள். முழுப் பலன் 8 முதல் 12 வாரம். அதைவிடப் பெரிய தவறு, மூன்றாவது வாரம் நன்றாகிவிட்டது என்று விட்டுவிடுவது. விட்டால் திரும்ப வரும். இந்தச் சிறு அளவில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரசோல் போன்ற மாத்திரையில் இருக்கும் மார்பகப் புற்றுநோயாளிகள் மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. எண்ணெய் கலந்த க்ரீம்கள் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

கருத்தடை மாத்திரையில் என்ன கவனிக்க வேண்டும்?

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ரடயால் 30 மைக்ரோகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 மைக்ரோகிராம். 28-இல் 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு.

ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால் கடைசியாக மறந்த ஒன்றை மட்டும் போட்டுத் தொடருங்கள், 7 நாள் ஆணுறை வேண்டும். அது மூன்றாவது வாரமாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த அட்டையை நேராகத் தொடங்குங்கள். ஆபத்தான இடம் அட்டையின் நடு அல்ல, ஓரங்கள். இடைவெளி 7 நாளைத் தாண்டினால் சினைப்பை விழித்துக்கொள்ளும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது இந்த மாத்திரையை நம்பாதீர்கள். அது கல்லீரலை முடுக்கி ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். மருந்து முடிந்து 4 வாரம் வரைக்கும் அதே நிலை. காப்பர்-டி அல்லது அந்தரா என்ற கருத்தடை ஊசி சரிவரும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் இரண்டும் இப்படித்தான். லாமோட்ரிஜின் தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் அதன் அளவை ரத்தத்தில் ஏறத்தாழப் பாதியாக்கி வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து அதன் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, 140/90-க்கு மேல் ரத்த அழுத்தம், 35-க்கு மேல் புகைப்பழக்கம், முன்பு ரத்தம் உறைந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு முறைக்குப் போங்கள். பிரசவமாகி 6 வாரத்துக்குள் கூடாது, தாய்ப்பால் கொடுத்தால் 6 மாதம் வரை தவிர்ப்பார்கள். பெரிய ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உறைவின் அளவு எவ்வளவு என்றால், மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேர், லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரையில் 5 முதல் 7 பேர். கர்ப்பத்தில் இதைவிட அதிகம்.

முதல் 3 மாதம் வாரம் இரண்டாகவும் பிறகு வாரம் ஒன்றாகவும் போடும் சாயா, சஹேலி மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜனே கிடையாது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் (சிடிஆர்ஐ) உருவாக்கிய ஆர்மெலாக்ஸிஃபென் அது.

ஐவிஎஃப் சிகிச்சையில் உறைய வைத்த கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன் தினமும் மூன்று எஸ்ட்ரடயால் மாத்திரை. கர்ப்பம் உறுதியானதும் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். காரணம் இது. இந்த முறையில் மாதவிடாயின் 2, 3-ஆம் நாளிலிருந்து எஸ்ட்ரடயால் வேலரேட் 2 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்து, 10 முதல் 14 நாள் கழித்து ஸ்கேனில் உட்சவ்வு 7 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார்த்து, புரோஜெஸ்டிரோன் சேர்ப்பார்கள். ஐந்து நாள் வளர்ந்த கரு என்றால் புரோஜெஸ்டிரோனின் ஆறாம் நாளில் உள்ளே வைப்பார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வருவதால் உங்கள் சினைப்பை அந்த மாதம் கருமுட்டையை வெளிவிடவில்லை. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, கருவுக்குத் தானே ஹார்மோன் ஊட்டும் மஞ்சள் உடலும் இல்லை. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை கரு முழுக்க மருந்தையே நம்பியிருக்கிறது. எனவே 10 முதல் 12 வாரம் வரை தொடர்வார்கள்.

லேசாக ரத்தம் கண்டாலும் 'மாதவிடாய் வந்துவிட்டது' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவமனைக்குப் பேசுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு வார இருப்பு கையில் இருக்கட்டும்.

30 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. பருவமடையாத பெண்ணுக்கும் இதே மருந்தா?

30 வயதுக்காரருக்கு மெனோபாஸ் அளவைவிடக் கூடுதல் தேவை: எஸ்ட்ரடயால் 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 100 மைக்ரோகிராம் பேட்ச், கூடப் புரோஜெஸ்டிரோன், 50 வயது வரை. இது கருத்தடை அல்ல. இவர்களில் சுமார் 5 சதவீதத்தினர் தானாகவே கருவுறுகிறார்கள்.

டர்னர் (பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் குறையும் நிலை) குறைபாடு போன்றவற்றால் பருவமடையாத பெண்ணுக்கு 11, 12 வயதில் மிகச் சிறிய அளவில் தொடங்கி, 2, 3 ஆண்டுகளில் மெல்ல ஏற்ற வேண்டும். புரோஜெஸ்டிரோன் சுமார் இரண்டாண்டு கழித்தோ, இடையே ரத்தம் கண்டதும்தான். 'மாதவிடாய் வரவேண்டும்' என்ற அவசரத்தில் நேராகக் கருத்தடை மாத்திரை கொடுத்தால் ரத்தம் வரும், ஆனால் மார்பு சரியாக வளராது, உயரமும் குறையலாம்.

திருநங்கைகள் கருத்தடை மாத்திரை போடுவது சரியா?

சரியில்லை. மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பதால் நாளைக்கு நான்கு, ஐந்து என்று போடுகிறார்கள். உள்ளே இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால். அந்த அளவில் ரத்தம் உறையும் ஆபத்து நிஜம். தேவை எஸ்ட்ரடயால்: மாத்திரை என்றால் நாளைக்கு 2 முதல் 6 மில்லிகிராம், அல்லது ஜெல், பேட்ச். ரத்தத்தில் எஸ்ட்ரடயால் 100-200 பிகோகிராம்/மி.லி., டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராம்/டெ.லி.-க்குக் கீழ் இருப்பது இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் மார்பு வேகமாக வளராது. வளர்ச்சி 3 முதல் 6 மாதத்தில் தொடங்கி 2, 3 ஆண்டு பிடிக்கும். குரல் மாறாது, தாடி முடி முழுதும் போகாது; அவற்றுக்கு வேறு சிகிச்சை.

ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தால் பொட்டாசியம் பார்க்க வேண்டும். அதே வேலைக்குச் சைப்ரோடெரோன் சேர்த்தால் 10 மில்லிகிராம் அளவே போதும். 50 மில்லிகிராம் மாத்திரையை முழுசாக ஆண்டுக்கணக்கில் போட்டால் மூளை உறையில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. நிர்வாணம் (விதைப்பையை நீக்கும் ஆபரேஷன்) செய்துகொண்ட பிறகு இவ்விரண்டும் தேவையில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். டெஸ்டோஸ்டிரோனும் இல்லை, ஈஸ்ட்ரோஜனும் இல்லை என்றால் எலும்பு கரையும். பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், மருந்து தொடங்கும் முன்பே விந்தணுவை உறைய வைத்துக்கொள்ளலாம்.

கர்ப்பம் நிலைக்க ஈஸ்ட்ரோஜன் கொடுப்பார்களாமே?

இயற்கையாகத் தரித்த கர்ப்பத்துக்குக் கொடுப்பதில்லை. 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு உருவாக்கிய டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்று பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 1971-இல், அதைச் சாப்பிட்ட தாய்மாரின் மகள்களுக்கு இளவயதிலேயே பிறப்புறுப்பில் அரிய புற்றுநோய் வருவதைப் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

உளுந்தங்களி, சோயா, ஆளி விதை போதாதா?

உளுந்தங்களி நல்ல உணவு, ஈஸ்ட்ரோஜன் அல்ல. சோயாவிலும் ஆளி விதையிலும் ஈஸ்ட்ரோஜன் சாயலுள்ள பொருட்கள் உண்டு, வீரியம் மிகக் குறைவு. தகிப்பு லேசாக இருந்தால் சாப்பிட்டுப் பார்க்கலாம். சினைப்பை எடுத்தவருக்கு அவை மாற்றாகாது.

மருந்து போடும்போது ரத்தம் கண்டால்?

இரண்டையும் தினமும் சேர்த்துப் போடும் முறையில் முதல் 3 முதல் 6 மாதம் அவ்வப்போது திட்டுத்திட்டாகப் படலாம். மாத்திரை தவறினாலும் படும், எனவே முதலில் அட்டையை எண்ணிப் பாருங்கள். 6 மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றிருந்தது திடீரென்று வந்தாலோ ஸ்கேன் வேண்டும்; உட்சவ்வு தடித்திருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். மருந்து ஏதும் போடாதவருக்கு மெனோபாஸுக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலும் அதே சோதனை. அதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் தொடங்கக்கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், ஒரு கை விழுந்தால், கண் மங்கினால், இதுவரை காணாத தலைவலி வந்தால் காத்திருக்க வேண்டாம். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்; கருத்தடை மாத்திரையை 'மருந்து' என்றே நினைக்காமல் சொல்லாமல் விடுகிறார்கள். கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்களும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் தொடங்கவே கூடாது.

எத்தனை வருடம் போடலாம், எப்படி நிறுத்துவது?

ஐந்து வருடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உலவுகிறது. அப்படி ஓர் எல்லை இல்லை. ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், எடை, மார்பகப் பரிசோதனை பார்த்து, தேவை இருக்கிறதா என்று பேசி முடிவு செய்தால் போதும். மெல்லக் குறைத்தாலும் திடீரென நிறுத்தினாலும் நீண்டகாலப் பலன் ஒன்றேதான். குறைத்துக்கொண்டே வந்தால் முதல் சில வாரத் தகிப்பு மட்டும் சற்று லேசாக இருக்கும். சுமார் பாதிப் பேருக்கு அறிகுறி திரும்ப வரும். நிறுத்துவதாக இருந்தால் சித்திரை வெயிலில் வேண்டாம், மார்கழியில் நிறுத்திப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் நாட்களிலும் புரோஜெஸ்டிரோனை முன்னதாக நிறுத்திவிடாதீர்கள், இரண்டும் ஒன்றாகவே போகட்டும். பிறப்புறுப்பு க்ரீமை நிறுத்த வேண்டியதில்லை.